கை தூக்கும் நாள்

கல்லறைக் கற்களைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் ஊரை நிர்வகிக்கிற பாரிஷ் கவுன்சிலின் வேலைதான். ஆடுகிற கல் யார் மேலாவது விழுந்துவிட்டால் பழி கவுன்சில் தலையில். மார்ல்பெக் கிராமத்தில் இதற்கென்று யாரும் முன்வருவதில்லை. லோர்னா செஜ்விக் முன்வந்தாள். இந்த ஒரு வருஷமாக, யாரும் தொட விரும்பாத வேலை எதுவானாலும் அவள்தான் முன்வந்தாள்.

மே மாதக் காலை. புல்லில் பனி காயவில்லை. ஒவ்வொரு கல்லாக உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தவள், ஒரு சின்ன வெள்ளைக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதைத் தள்ளவில்லை. அது அவள் மகள் ஏமியின் கல். மூன்று வயதில் மூளைக் காய்ச்சலில் போன குழந்தை.

ஏமிக்குப் பக்கத்தில் இரண்டு இடம் காலியாகக் கிடந்தது. ஒன்று கணவன் டெனிஸுக்கு, இன்னொன்று எனக்கு என்று லோர்னா எப்போதோ மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள்.

டெனிஸ் அங்கே இல்லை. பதினோரு மைல் தள்ளி, ஹேட்டன் டவுனின் பொது இடுகாட்டில், நெடுஞ்சாலை இரைச்சலுக்கு அடியில் படுத்திருக்கிறான்.

போன வருஷம் நடந்தது ஊருக்கே தெரியும். டெனிஸ் கடைசி மாதங்களை டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமில் கழித்தான். ‘ஏமி பக்கத்துல படுக்கணும்’ என்பதைத் தவிர வேறு எதையும் அவன் கேட்கவில்லை. ஆனால் சாகும்போது மார்ல்பெக்கில் வசிக்காதவருக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை என்று ஒரு பழைய விதி இருந்தது. கவுன்சில் மனசு வைத்தால் தளர்த்தலாம். ஐந்து நாற்காலியில் ஒன்று அப்போது காலி. நாலு பேர் ஓட்டுப் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு.

சமமாக நின்றால் முடிவு ஓட்டு சேர்மனுக்கு. சேர்மன் மறுத்தான்.

அந்தச் சேர்மன் மால்கம் லாவரிக், லோர்னாவின் கூடப்பிறந்த அண்ணன்.

தன் மேட்டு வயலை வீட்டு மனைக்கு விற்க மால்கம் போட்ட திட்டத்தை எதிர்த்து, டெனிஸ் வீடு வீடாகப் போய் ஊரைத் திரட்டியிருந்தான். உயிரோடு இருந்தவன் மேல் காட்ட முடியாத ஆத்திரத்தை அண்ணன் பிணத்தின் மேல் காட்டினான் என்பதில் லோர்னாவுக்குச் சந்தேகமே இல்லை.

புதைத்த ஈரம் காயுமுன் அவள் அந்தக் காலி நாற்காலியைக் கேட்டாள். மால்கமே அதை முன்மொழிந்தான். “பாவம், துக்கத்துல இருக்கா. கைக்கு ஒரு வேலை இருந்தா நல்லதுதானே” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் ஒரு வருஷமாக வைத்துக் காப்பாற்றி வருகிறாள்.

இன்றைக்குச் சாயங்காலம் வருஷக் கூட்டம். சேர்மனைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் நாள். மால்கம் பக்கம் அவனும் அவன் மனைவி ஆட்ரியும். லோர்னா பக்கம் அவளும், நெஸ்டா பிக்கரிங்கும், ரால்ஃப் க்ரேக்கும். மூன்றுக்கு இரண்டு.

இடுகாட்டு வேலிக்கு வெளியே ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறங்கியவன் அவள் மகன் லூயிஸ். மாமன் மால்கத்திடம்தான் வேலை பார்க்கிறான். மாமன் கொடுத்த வீட்டில்தான் மனைவி கெரியோடு குடியிருக்கிறான்.

“அம்மா, வீட்டுக்குப் போனேன். ஆளக் காணோம்.”

“இங்கதான் இருப்பேன்னு தெரியாதா?”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். “மாமா காலையிலயே கூப்பிட்டு விட்டார்.”

“என்னவாம்?”

“சாயங்காலம் நீ எதிர்த்து நின்னா, அறுப்பு முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிடணுமாம்.”

லோர்னா கையில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தாள்.

“கெரிக்கு அப்பத்தான் பிரசவம். கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கம்மா போறது?”

“என்கிட்ட வா. ரெண்டு ரூம் இருக்கு.”

“வேலைக்கு?”

“வேற பண்ணையே இல்லையா இந்த நாட்டுல?”

“அம்மா! அப்பா போயிட்டார். அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன? அவருக்குத் தெரியவா போகுது?”

லோர்னா நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். “எனக்குத் தெரியுது. கடைசி நாள் என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘இடத்தப் பேசி முடிச்சிட்டியா லோர்னா’ன்னு கேட்டார். முடிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்ய நிஜமாக்காம நான் விடறதா இல்ல.”

“அப்ப நானும் கெரியும் நடுவுல மாட்டிக்கிட்டுச் சாகணும். அப்படித்தானே?”

“உன் மாமா உன்னை வச்சி என்னை மிரட்டறார். இன்னைக்கி நான் பயந்தா, இன்னும் இருபது வருஷம் உன்னை வச்சே மிரட்டுவார்.”

“உனக்கு நாங்க யாரும் முக்கியம் இல்லம்மா. பழிதான் முக்கியம்.”

அவன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான். லோர்னா அடுத்த கல்லில் கையை வைத்துத் தள்ளினாள். தேவைக்கு அதிகமாகவே தள்ளிவிட்டாள். கல் ஆடவில்லை. அவள் தோள்தான் வலித்தது.

* * *

மத்தியானம் நெஸ்டா போன் பண்ணினாள்.

“லோர்னா, உன் அண்ணன் வண்டியில ரால்ஃப் உக்காந்து போறதப் பாத்தேன். மேட்டு வயல் பக்கம் போனாங்க. எனக்கு ஒண்ணும் நல்லாப் படல.”

லோர்னா அடுப்பை அணைத்துவிட்டு நேரே ரால்ஃப் வீட்டுக்கு நடந்தாள். ரால்ஃப் க்ரேக் ஊர் மதுக்கடையை நடத்தி ஓய்ந்தவர். வாசலில் ரோஜாச் செடிக்கு மருந்தடித்துக் கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் இன்னும் மும்முரமாக அடித்தார்.

“ரால்ஃப், வாக்குக் குடுத்திருந்தீங்க.”

“குடுத்தேம்மா. இல்லேங்கல.”

“இப்ப என்ன ஆச்சு?”

“என் பொண்ணு பின்பக்கத்துல ஒரு வீடு கட்டணும்கறா. வண்டி போக வழியில்ல. மால்கம் தன் வயல் ஓரமாத் தடம் விடறேங்கறான்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “டெனிஸ் விஷயத்துல அன்னைக்கி உனக்காகத்தான் கை தூக்கினேன். அத மறந்துடாதே.”

“மறக்கல. இன்னைக்கி எதுக்காகக் கை தூக்குவீங்கங்கறதையும் மறக்க மாட்டேன்.”

திரும்பி வரும் வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வருஷம். முழுசாக ஒரு வருஷம் கட்டியதை, ஒரு வண்டித் தடத்தைக் காட்டி இடித்துவிட்டான். இப்போது அவன் பக்கம் மூன்று, அவள் பக்கம் இரண்டு.

நெஸ்டா அவள் வாசலிலேயே காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “உன் பேர வாபஸ் வாங்கிடு லோர்னா” என்றாள். “தோத்தா ஊர் முன்னால சிரிப்பான். அந்த அவமானமாவது இல்லாம இருக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“லூயிஸ் வீடு?”

“நின்னாலும் போகும், நிக்காட்டி வேறொரு நாள் போகும். நீ என் பேரச் சொல்லு நெஸ்டா. தோத்தாலும் அவன் முகத்துக்கு நேரா நின்னு தோக்கணும்.”

* * *

கூட்டம் ஊர் மண்டபத்தில். பள்ளிக்கூட நாடகத்தின் மரங்களும் மேகங்களும் இன்னும் மேடையில் நின்றன. ஜன்னல் வழியாக நல்ல வெயில். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் அதிகம். இன்றைக்கு நாற்காலி போதாமல் பெஞ்சு எடுத்துப் போட்டார்கள். அண்ணன் தங்கை சண்டை என்றால் ஊர் வராமல் இருக்குமா? கடைசி வரிசையில் கதவோரமாக லூயிஸ் நின்றான். கூடக் கெரி, வயிற்றில் கை வைத்தபடி.

முதலில் சேர்மனின் ஆண்டறிக்கை. மால்கம் எழுந்தான். அறுபத்தைந்து வயதிலும் கதவை அடைக்கிற உடம்பு.

“நண்பர்களே, நம்ம கவுன்சிலுக்கு இது நல்ல வருஷம். கோடையில ஊர்ப் பொதுத் தோட்ட நிலத்துக்குத் தண்ணிக் குழாய் போட்டோம்.”

போட்டோமா? தோட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நெஸ்டாவின் சேவல் கூவுவதில் ஆரம்பித்துத் தண்ணீர் வரை சண்டை போட்டபோது, மழையில் நின்று இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தியது லோர்னா. மால்கம் அந்த மாதம் ஸ்பெயினில் இருந்தான்.

“இலையுதிர் காலத்துல வளைவுல இருந்த வேலிச் செடிய வெட்டி, ஸ்கூல் பஸ்ஸுக்குப் பார்வை கிடைக்கப் பண்ணினோம்.”

அந்த வேலி மால்கத்துடையதே. மூன்று கூட்டத்தில் லோர்னா கேட்டும் வெட்டவில்லை. கடைசியில் அவளே கத்திரியோடு போய் நின்ற பிறகுதான் ஆளை அனுப்பினான்.

“பனிக்காலத்துல சர்ச் மேட்டு ரோட்டுல ஐஸக் கரைக்க உப்புப் பெட்டி வச்சோம்.”

வேண்டாத செலவு என்று அவன் ஒதுக்கியது. தபால்காரப் பெண் வண்டியோடு சறுக்கிச் சுவரில் மோதிய மறுநாள், ரால்ஃபும் லோர்னாவும் மண்வெட்டியோடு உப்பு வாரி இறைத்தார்கள். அந்தக் காலையில்தான் ரால்ஃப் வாக்குக் கொடுத்தார். இப்போது அவர் தன் ஷூவைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

மேட்டு வயல் பேச்சே எடுக்கவில்லை மால்கம். மார்ச் மாதம் அதை வீட்டு மனையாக்கும் மனு வந்தபோது, சொந்த விஷயம் என்பதால் விதிப்படி அவன் வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது. அன்று ஊர் அவனைத் திட்டித் தீர்த்ததை நடைபாதையில் நின்று கேட்டான். லோர்னா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிறவர்களுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

அறிக்கைக்குக் கைதட்டல் விழுந்தது. மால்கம் தங்கையைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், “லோர்னாவும் கூடமாட ஒத்தாசை பண்ணினா” என்றான்.

லோர்னா கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள். நகம் சதையில் பதிந்தது.

அடுத்து கவுன்சில் கூட்டம். ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கிளார்க் வின்னி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். “முதல் பொருள், சேர்மன் தேர்வு.”

ரால்ஃப் மால்கம் பெயரைச் சொன்னார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. நெஸ்டா சத்தமாக, “லோர்னா செஜ்விக்” என்றாள்.

மால்கம் சாய்ந்து உட்கார்ந்தான். “சீக்கிரம் முடிச்சிடலாம். எனக்கு ஆதரவா?”

அவன் கை உயர்ந்தது. ரால்ஃபின் கை பாதி உயர்ந்து, அப்புறம் முழுசாக உயர்ந்தது.

வின்னி பேனாவோடு காத்திருந்தாள். மால்கம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

ஆட்ரி கையை எடுக்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் தேநீர் ஊற்றி, பிஸ்கட் தட்டை நகர்த்தி, கணவன் கை தூக்கும்போது தானும் தூக்குகிறவள். மேஜைமேல் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள்.

“ஆட்ரி” என்றான் மால்கம் மெதுவாக. “ஓட்டு.”

“தெரியுது.”

“கையத் தூக்கு.”

“என் முறை வரட்டும்.”

 வின்னி ஏட்டில் இரண்டு என்று குறித்துக்கொண்டு, “லோர்னா செஜ்விக்குக்கு ஆதரவாக?” என்றாள்.

லோர்னா தூக்கினாள். நெஸ்டா தூக்கினாள். அப்புறம் ஆட்ரி, நேராக, உயரமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தூக்கினாள்.

“மூன்றுக்கு இரண்டு” என்றாள் வின்னி. 

மால்கத்தின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியது. எழுந்தான். கோட்டை எடுத்தான்.

லோர்னா அவன் காலி செய்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது.

“உட்காருங்க, கவுன்சிலர் லாவரிக். கூட்டம் முடியல.”

“எனக்கு வேலை இருக்கு.”

“உங்க பழைய வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. இடுகாடு. ஆறாவது பொருள். நீங்களே நிகழ்ச்சி நிரல்ல கடைசியா தள்ளி வச்சது. அத இப்பவே எடுத்துக்கறேன்.”

யாரோ பின்னாலிருந்து, “உக்காருய்யா மால்கம்” என்று கத்தினார்கள். அவன் உட்கார்ந்தான். உட்காராமல் போனால் பயந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அது அவளுக்குத் தெரியும்.

“டெனிஸ் செஜ்விக்கை ஹேட்டனிலிருந்து எடுத்து மார்ல்பெக்கில் புதைக்க கவுன்சில் சம்மதிக்கிறதா? மேலிடத்து அனுமதிய நான் வாங்கிக்கறேன்.”

“உன் புருஷன் விஷயம்” என்றான் மால்கம். “நீ இதுல ஓட்டுப் போடக் கூடாது.”

“போடல. கேக்க மட்டும் போறேன். நெஸ்டா?”

“சம்மதம்.”

“ஆட்ரி?”

“சம்மதம்.”

“ரால்ஃப்?”

ரால்ஃப் இந்த முறை தயங்கவில்லை. “சம்மதம்.”

“கவுன்சிலர் லாவரிக்?”

அவன் கையிலிருந்த கோட்டை மடித்தான்.

“காதுல விழல. எதிர்க்கறதா இருந்தா கையத் தூக்குங்க. ஊர் பாக்கட்டும். போன வருஷம் பூட்டின அறையில தூக்கினீங்க. இன்னைக்கி எல்லாரும் இருக்காங்க, உங்க தங்கச்சியோட மருமக வரைக்கும். தூக்குங்க.”

அவன் தூக்கவில்லை. அவள் விடவுமில்லை. அவனையே பார்த்துக் கொண்டிருந்தாள். கடைசியில் மால்கம் தலையைக் குனிந்துகொண்டு, “எதிர்க்கல” என்றான்.

“சத்தமா.”

“எதிர்க்கல!”

இதற்காகத்தான் ஒரு வருஷம் உப்பு வாரினாள், வேலி வெட்டினாள், சேவல் பஞ்சாயத்துக்குப் போனாள். நெஞ்சு நிறைந்தது. கள் குடித்ததுபோல் ஒரு சூடு. கதவோரம் பார்த்தாள். லூயிஸும் கெரியும் இல்லை. எப்போது போனார்கள் என்று தெரியவில்லை.

* * *

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மால்கம் யாரையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். மனைவியை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆட்ரி மண்டபச் சுவரோரம் தனியாக நின்றாள்.

லோர்னா கிட்டே போனாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் கிறிஸ்துமஸ் விருந்தைத் தாண்டிப் பேசியதில்லை.

“நன்றி ஆட்ரி. உன்ன நான் கணக்குலயே வச்சிக்கல.”

“யாரும் வச்சிக்கறதில்ல.”

“அவன் வீட்டுக்கு நீ எப்படிப் போவே? என்கூட வந்துடு.”

“உனக்காகப் பண்ணினேன்னு நெனச்சிடாதே லோர்னா.” ஆட்ரியின் குரலில் கோபமில்லை. “போன வருஷம் அவர் சொன்னார்னு கை தூக்கினேன். டெனிஸ ஊருக்கு வெளிய தள்ளினதுல என் கையும் உண்டு. அந்தப் பாவத்தக் கழிச்சேன்.”

“ஒரு வயல் தகராறுக்காக அவன் இப்படி…”

“வயலா?” ஆட்ரி அவளைப் பார்த்தாள். “நெஜமாவே வயல்னா நெனச்சிக்கிட்டு இருந்தே?”

லோர்னாவின் சூடு மெல்ல இறங்கத் தொடங்கியது.

“உன்னக் கட்டறதுக்கு முன்னால ரெண்டு வருஷம் டெனிஸ் என்கூடப் பழகினான். எங்கப்பா பிரிச்சி விட்டார். மால்கமுக்குத் தெரியும். அப்ப அவர் பொருட்படுத்தல.”

“அப்புறம்?”

“நர்ஸிங் ஹோம்ல இருந்தப்போ, நீ ஸ்கூல் சமையலுக்குப் போற செவ்வாய்க்கிழமை எல்லாம் நான் போவேன். அவர் ஒருநாள் பின்னாலயே வந்து பாத்துட்டார். அதுக்கு அப்புறம்தான் அந்த விதி அவருக்கு ஞாபகம் வந்தது.”

  செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் டெனிஸ் கொஞ்சம் தெளிவாக இருப்பான். புது மருந்து வேலை செய்கிறது என்று லோர்னா சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“டெனிஸ் ஒண்ணும் தப்பா நடந்துக்கல” என்றாள் ஆட்ரி. “பேசிக்கிட்டு இருந்தோம். அவ்வளவுதான்.”

“எதுக்கு இத இப்ப சொல்றே?”

“என் ஓட்டுக்கு ஒண்ணு கேக்கணும். டெனிஸுக்கு ஒரு பக்கம் ஏமி. இன்னொரு பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு.” ஆட்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அத எனக்குக் குடு.”

“அது என் இடம்.”

“நீ முப்பத்தி மூணு வருஷம் பக்கத்துல இருந்துட்டே லோர்னா.”

காரோரம் நெஸ்டா நின்று கையசைத்தாள். ஜெயித்ததற்கு மதுக்கடையில் எல்லோரும் காத்திருப்பதாகச் சொன்னாள். லோர்னாவுக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

“இடுகாட்டுல இடம் குடுக்கறது கவுன்சில் முடிவு” என்றாள் கடைசியில். தன் குரல் இவ்வளவு அமைதியாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. “மனு எழுதிக் குடு ஆட்ரி. சேர்மன்கிட்ட குடு. சேர்மன் முடிவு பண்ணுவா.”